வண்டித் தடமும் அரசின் கொடையும்



வழியைப் பாடிய மரபு நம்முடையது. பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொண்டால், வழி என்பது வெறும் மண்ணும் கல்லும் அன்று. எயினர், ஆயர், உழவர், வலைஞர் என அவ்வழியில் வாழ்வோரே அதன் பெரும்பகுதி. அவர்தம் குடிலும் உணவும் கூடப் புலவரின் பார்வைக்குத் தப்பவில்லை. இதனை மனத்திற்கொண்டு, நமக்கு மிகத் தொலைவிலுள்ள மற்றொரு வழியைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அமெரிக்காவின் ஆரிகன் தடம் என்பது அது.

மிசூரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து மேற்கே வில்லமெட் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 2,000 மைல். எருது பூட்டிய வண்டிகளில் ஐந்தாறு மாதப் பயணம். வண்டி பண்டத்திற்கே போதாது. ஆகவே பெரும்பாலோர் நடந்தே சென்றனர். 1840களில் பெருகிய இப்பெயர்ச்சி, 1869இல் இருப்புப்பாதை கண்டத்தின் இரு பகுதிகளையும் இணைக்கும் வரை நீடித்தது. ஆரிகன், கலிபோர்னியா, யூட்டா ஆகிய திசைகளில் சென்றோரைச் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்று இலட்சத்திற்கும் மேல் என்பர். காலராவும் ஆற்று வெள்ளமும் பலரைக் கொண்டன.

அரசு இக்கதையில் பின்னாளில் நுழைந்த விருந்தாளி அன்று. 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஆரிகனில் குடியேறிய வெள்ளையர்க்கு ஆளுக்கு 320 ஏக்கர் வழங்கியது. மணமானவராயின் மனைவிக்கும் அதே அளவு. அந்நிலத்தின் பெரும்பகுதி அன்றுவரை பழங்குடியினரிடமிருந்து உடன்படிக்கை வழியாகப் பெறப்படாதது. முதலில் நிலத்தைக் கொடுத்த அரசே, ஒரு நூற்றாண்டு கழித்து நினைவுக்கும் பொருள் கொடுக்க முன்வந்தது. 1968இல் தேசியத் தடங்களுக்கென ஒரு சட்டம் பிறந்தது. 1978இல் அதில் வரலாற்றுத் தடம் என்னும் வகை சேர்க்கப்பட்டபோது ஆரிகன் தடமும் அதனுள் இடம்பெற்றது.

1843இல் ஆயிரம் பேரளவில் திரண்டு சென்ற பெரும்பயணத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு 1993இல் வந்தது. அதனையொட்டி ஆரிகனில் விளக்கக் கூடங்கள் எழுந்தன. பேக்கர் சிட்டி அருகே ஃபிளாக்ஸ்டாஃப் குன்றின்மீது 1992இல் திறக்கப்பட்டது நடுவணரசின் நில மேலாண்மைத் துறை நடத்துவது. உள்ளே ஆளுயரப் பதுமைகளும் எருதுகளும் வண்டிகளும். வெளியே குன்றின் அடிவாரத்தில், வண்டிச் சக்கரங்கள் அழுத்திய பள்ளங்கள் இன்றும் மறையாமல் கிடக்கின்றன. பதுமைகளை எங்கும் செய்துகொள்ளலாம். அப்பள்ளங்களைச் செய்ய இயலாது. உழப்படாத வறண்ட பொதுநிலமாதலால் அவை தப்பின. நினைவுக் கூடங்களுக்கு வரிப்பணம் எதற்கு என்று வினவுவோர்க்கு இதனையே விடையாகச் சொல்வேன். ஏர் படாமல் ஒரு தடத்தைக் காக்கும் ஆற்றல் பொதுவுடைமைக்கே உண்டு. பழுதுபார்ப்பதற்காகச் சில ஆண்டுகள் மூடிக்கிடந்த இக்கூடம் 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது.

தடத்தின் முடிவிடமாகிய ஆரிகன் சிட்டியின் கூடத்திற்கு இத்தகைய நற்பேறு எளிதில் வாய்க்கவில்லை. மாபெரும் கூண்டுவண்டி வடிவில் 1995இல் எழுந்த அது, பொருட்பற்றாக்குறையால் 2009இல் மூடப்பட்டு 2013இல்தான் மீண்டது. திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பொருள் கூரை ஒழுகும் நாளில் கிடைப்பதில்லை. நம்மூர் நினைவு மண்டபங்களை அறிந்தோர்க்கு நான் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் என் கவலை கூரையைப் பற்றியதன்று. கூரையின்கீழ் யார் பேசுகின்றார் என்பதைப் பற்றியது. இத்தடங்களில் சென்றோர் எழுதிவைத்த நாட்குறிப்புகள், கடிதங்கள், நினைவுரைகளைத் தொகுத்து மெரில் மேட்டஸ் 1988இல் ஓர் அடைவு வெளியிட்டார். அதில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பெண்களின் நாட்குறிப்புகளை மட்டும் ஆராய்ந்து லிலியன் ஷ்லிசெல் 1982இல் ஒரு நூல் தந்தார். ஆண்கள் தொலைவையும் புல்வளத்தையும் குறித்துச் செல்ல, பெண்டிர் சிலர் வழியோரக் கல்லறைகளை எண்ணிக்கொண்டே சென்றிருக்கின்றனர். கருவுற்ற நிலையில் நடந்தவள் கல்லறையை எண்ணுவதன் பொருளை நான் விளக்க வேண்டுமா? அச்சிறு குறிப்பேடுகள் இன்றேல் விளக்கக் கூடங்களுக்கு உயிரில்லை.

எழுதியவர் பேசுகின்றனர். வழியில் வாழ்ந்தோர்? உருளைக்கிழங்கும் குதிரையும் தந்து பண்டமாற்றுச் செய்த கேயூஸ் மக்கள் அந்நாட்குறிப்புகளில் வருகின்றனர். வருவோரும் போவோருமாக, எப்போதும் படர்க்கையில். 1847இல் தட்டம்மை பரவி அம்மக்களுள் பெருந்தொகையினர் மாண்டனர். 1855 உடன்படிக்கையில் கேயூஸ், உமாட்டில்லா, வல்லா வல்லா ஆகிய மூன்று குடியினரும் ஏறத்தாழ 64 இலட்சம் ஏக்கர் நிலத்தை விட்டுக்கொடுத்தனர்.

அம்மூன்று குடியினரும் 1998இல் பெண்டில்டன் அருகே தம் மண்ணில் தாமே ஒரு கூடம் அமைத்தனர். தமாஸ்ட்ஸ்லிக்ட் என்பது அதன் பெயர். வல்லா வல்லா மொழியில் பொருள் விளக்குதல் என்னும் கருத்துடையது. ஆரிகன் தடத்தின்மேல் பழங்குடியினர்க்கே உரிமையான விளக்கக் கூடம் அஃதொன்றே. அதன் காட்சிப் பகுதிகள் மூன்று. அவற்றின் ஆங்கிலத் தலைப்புகளைத் தமிழாக்க முனைந்தபோது என் எழுதுகோல் நின்றுவிட்டது. இருந்தோம், இருக்கிறோம், இருப்போம் என வினைகள் எளிதாக அமைந்தன. எழுவாய்தான் அமையவில்லை. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒரே சொல். தமிழிலோ கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’ வேறு, அவரை விலக்கும் ‘நாங்கள்’ வேறு. அங்கே வரும் பார்வையாளருள் வண்டியேறி வந்தவரின் பேரர்களும் இருப்பார்களே! நெடுநேரம் எண்ணிப் பார்த்து, ‘நாங்கள்’ என்றே எழுதினேன். அது அவர்கள் வீடு. விலக்கிச் சொல்லும் உரிமை அவர்களுக்குண்டு.

ஃபிளாக்ஸ்டாஃப் குன்றின்மீது நிற்பதோ அனைவர் பொருளாலும் ஆன வீடு. அங்கே எழுதப்படும் பலகைக்கு ‘நாங்கள்’ பொருந்தாது. ‘நாம்’ என்று எழுத வேண்டுமாயின், அதனை எழுதும் மேசையில் கேயூஸ் மக்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும். ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகையில் அதற்கும் ஒரு பங்கு வேண்டும். மூலையில் ஒரு கண்ணாடிப் பேழை போதாது.