அவையறிந்து வாதிடல்

அரசியல் வாதம் இரண்டு வகை. தன் பக்கத்தாரைக் கைதட்ட வைப்பது ஒன்று. எதிர்ப்பக்கத்தாரை யோசிக்க வைப்பது மற்றொன்று. முதல் வகைக்குக் குரல்வளம் போதும். இரண்டாம் வகைக்கு, கேட்பவர் எதைப் பெரிதென மதிக்கிறார் என்ற அறிவு வேண்டும். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதோடு நின்றுவிடவில்லை. அவையறிதலுக்கும் தனி அதிகாரம் வகுத்தார். பேசத் தெரிவது வேறு. எதிரே இருப்பவரைத் தெரிவது வேறு.

ஒரே செய்தி, சொல்லும் விதம் மாறினால் வேறு முடிவைத் தரும். உளவியலாளர்கள் அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. 600 பேரைக் கொல்லக்கூடிய ஒரு நோய். அதைத் தடுக்க இரண்டு திட்டங்கள். ஒன்றின் பலன் உறுதி, மற்றது சூதாட்டம். உறுதியான திட்டத்தில் '200 பேர் பிழைப்பர்' என்று சொல்லப்பட்டபோது 72 சதவீதத்தினர் அதைத் தேர்ந்தனர். அதே திட்டத்தில் '400 பேர் இறப்பர்' என்று சொல்லப்பட்டபோது தேர்ந்தவர்கள் 22 சதவீதம். கணக்கு மாறவில்லை, கணக்கைக் காட்டிய சட்டகம்தான் மாறியது.

அரசியலில் இந்தச் சட்டகம் எண்ணோடு நிற்பதில்லை. அறவுணர்வு வரை இறங்குகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜொனதன் ஹைட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் மனிதரின் அற உணர்வுக்கு ஐந்து அடித்தளங்களைச் சுட்டினர்: பரிவு, நியாயம், குழுப்பற்று, அதிகாரத்துக்குத் தரும் மதிப்பு, தூய்மை. அமெரிக்கத் தாராளவாதிகள் முதல் இரண்டின்மீது அதிகம் சாய்கின்றனர்; பழமைவாதிகள் ஐந்தையும் ஏறத்தாழச் சமமாக மதிக்கின்றனர் என்பது அவர்களின் முடிவு. ஆகவே எதிர்முகாமில் இருப்பவர் அறமற்றவர் அல்லர். அவருடைய அறத்தில் வேறொன்று முன்னால் நிற்கிறது.

இதை உணராமல் வாதிடுவதே பொது வழக்கம். மாத்யூ ஃபைன்பர்க், ராப் வில்லர் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒருபாலின மணத்தை ஆதரிக்குமாறு பழமைவாதிகளுக்கு எடுத்துரைக்கும்படி தாராளவாதிகளிடம் கேட்கப்பட்டது. பெரும்பாலோர் சமத்துவத்தையே எழுதினர். அது அவர்களுக்குப் பிடித்த காரணம். கேட்பவருக்குப் பிடித்த காரணம் அன்று. கேட்பவரின் அறத்திலிருந்து வாதத்தைத் தொடங்கியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பழமைவாதிகளிடம் இதேபோன்ற வேலையைக் கொடுத்தபோது அவர்களும் அதே தவற்றைச் செய்தனர். 'ஒருபாலினத் தம்பதியரும் நாட்டுப்பற்றுள்ள அமெரிக்கரே' என்று வாதத்தைத் திருப்பியபோது பழமைவாதிகளின் ஆதரவு கூடியது. எதிர்த்திசையிலும் இது பலித்தது: ஏழைகளும் சிறுபான்மையினரும் சமநிலை பெறும் இடம் ராணுவம் என்று சொன்னபோது, ராணுவச் செலவுக்குத் தாராளவாதிகள் கூடுதலாக இசைந்தனர். அதே இருவரின் 2013 ஆய்வில், இயற்கைக்கு நேரும் தீங்கைப் பேசிய வாதம் பழமைவாதிகளை அசைக்கவில்லை. நீரும் காற்றும் அசுத்தமாவதைப் பேசிய வாதம் அசைத்தது.

இந்தக் கலைக்கு ஓர் எல்லை உண்டு: காரணத்தை மாற்றலாம், உண்மையை மாற்றக் கூடாது. அமெரிக்காவில் பெருஞ்சொத்துகளின்மீது விதிக்கப்படும் வாரிசுச் சொத்து வரியை அதன் எதிர்ப்பாளர்கள் 'சாவு வரி' என்று அழைத்தனர். குடியரசுக் கட்சியின் ஆலோசகர் ஃபிராங்க் லன்ட்ஸ் அந்தப் பெயரைப் பரப்பினார். இறப்போரில் மிகப் பெரும்பாலோரின் சொத்துக்கு அந்த வரியே கிடையாது. ஆனால் பெயரைக் கேட்டவர் தன் வீட்டையும் அதில் சேர்த்தே எண்ணினார். கேட்பவரின் அறத்தோடு பேசுவது இணக்கம். கேட்பவரின் அறியாமையோடு பேசுவது ஏய்ப்பு.

இன்னொரு நிபந்தனை, காது கொடுப்பது. 2015இல் அமெரிக்காவின் மயாமியில் திருநர் உரிமை குறித்து வீடு வீடாகச் சென்றவர்கள் சொற்பொழிவு ஆற்றவில்லை. வாக்காளரின் கருத்தைக் கேட்டனர். பிறரிடமிருந்து வேறுபட்டவர் என்று அவர்மீதே யாரேனும் பழி சொன்ன அனுபவம் உண்டா என்று கேட்டனர். டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் பத்து நிமிட உரையாடலின் பலன் மூன்று மாதங்களுக்குப் பிறகும் மறையவில்லை.

இவை ஆய்வுக்கூடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் மட்டும் உரியவை அல்ல. டெக்சாஸ் மாநிலம் கடும் தண்டனைக்குப் பேர்போனது. இன்னும் ஏறத்தாழ 17,000 கைதிகளுக்கு இடம் வேண்டும், அதற்குச் சுமார் 200 கோடி டாலர் செலவாகும் என்ற கணிப்பு 2007இல் அதன் சட்டமன்றத்தின்முன் வந்தது. சிறைச் சீர்திருத்தம் கேட்டவர்கள் அதுவரை கைதியின்மீது பரிவு காட்டச் சொல்லிவந்தனர். அந்தச் சொல் அங்கே எடுபடவில்லை. குடியரசுக் கட்சியின் ஜெர்ரி மேடனும் ஜனநாயகக் கட்சியின் ஜான் விட்மயரும் வேறு கேள்வி எழுப்பினர்: திரும்பத் திரும்பக் குற்றவாளிகளை உருவாக்கும் ஓர் அமைப்புக்கு மக்களின் வரிப்பணம் ஏன் போக வேண்டும்? சிறை கட்டுவதற்குப் பதிலாக, போதை மீட்புச் சிகிச்சைக்கும் மாற்றுத் திட்டங்களுக்கும் சுமார் 24 கோடி டாலரைச் சட்டமன்றம் ஒதுக்கியது. 2011இல் சுகர் லாண்டில் இருந்த பழைய சிறையொன்றை மாநிலம் மூடியது.

கேட்பவரின் வகைக்கேற்பக் காரணங்களும் விரிந்தன. சிக்கனத்தை மதிப்பவருக்குச் செலவுக் கணக்கு; அரசின் கை நீள்வதை விரும்பாதவருக்கு, சிறையும் அரசின் கையே என்ற நினைவூட்டல்; பக்தியுள்ள கிறிஸ்தவருக்குப் பாவமன்னிப்பு. கடைசிக் காரணத்தைச் சொல்லத் தகுதியானவராகச் சார்லஸ் கோல்சன் இருந்தார். அமெரிக்க அதிபர் நிக்சனின் உதவியாளராக இருந்து 1974இல் சிறை சென்ற அவர், 1976இல் கைதிகளுக்கான ஊழிய அமைப்பைத் தொடங்கியவர். வாதத்தைப் போலவே, அதை எடுத்துச் சொல்பவர் யார் என்பதும் எடைபோடப்படுகிறது. தம்மவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்குச் சந்தேகம் குறைவு.

இந்தச் சிறைச் சீர்திருத்த அலை 2018இல் வாஷிங்டனை எட்டியது. கூட்டரசுச் சிறைகளுக்கான 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' சட்டம் செனட்டில் 87க்கு 12 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். ஆதரித்தவர்களுள் இனநீதிக்காக வாக்களித்தோர் உண்டு, வரிப்பணத்துக்காக வாக்களித்தோர் உண்டு, சமய நம்பிக்கையால் வாக்களித்தோரும் உண்டு. யாரும் கட்சி மாறவில்லை. யாரும் தம் கொள்கையைக் கைவிடவில்லை. எல்லாப் பிணக்கும் இப்படித் தீராது. அறங்கள் நேருக்கு நேர் மோதும் இடங்களில் எந்தச் சட்டகமும் பாலமாகாது. மற்ற இடங்களில், ஒரு சட்டம் நிறைவேற எல்லோருக்கும் ஒரே காரணம் தேவையில்லை. அவரவர் காரணத்தோடு வந்து ஒரே பக்கம் வாக்களித்தால் போதும்.