'பரபரப்பு வாக்குமூலம்' என்று கார்டு போடுவதற்கு முன்னால்...

(மாவட்ட ஐடி விங் பயிற்சி வகுப்பில் நமது தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில பேசி எனக்குப் பழக்கம் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சதுல இருந்து கார்டு டிசைன் பண்றதும் போஸ்ட் போடுறதும்தான் நம்ம கட்சி வேலை. அதனால அந்த வேலையில நான் பண்ணின ஒரு தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன். இதை வாசிக்கிற நீங்களும் ஒரு தடவையாவது பண்ணியிருப்பீங்க.

ஒரு திருட்டு வழக்கு. காலையில பேப்பரைப் பிரிச்சா 'வாலிபர் பரபரப்பு வாக்குமூலம்'னு பெரிய செய்தி. ரெண்டு போலீஸ்காரர் நடுவுல பையனை நிக்க வெச்ச போட்டோ. அரை மணி நேரத்துல கார்டு ரெடி. மேலே 'சட்டம் ஒழுங்கு எங்கே?', கீழே அவன் முகம். நல்லா ஷேர் ஆச்சு. மூணு வாரம் கழிச்சு, ஆள் இவன் இல்லைன்னு விட்டுட்டாங்க. அந்தப் பேப்பர்ல அதுக்கு ஒரு வரி கூட வரலை. நானும் சத்தமில்லாம கார்டை டெலிட் பண்ணிட்டேன், மறுப்பு போடலை. அவனோட அக்கா பேஜ் இன்பாக்ஸ்ல ஒரு மெசேஜ் அனுப்பினாங்க: "சார், நீங்க எடுத்துட்டீங்க. ஊர் குரூப்ல சுத்துறதை யார் எடுப்பாங்க?" அதுக்கு நான் பதிலே போடலை.

அதுக்கப்புறம்தான் இந்த 'வாக்குமூலம்'னா என்னன்னு தேடிப் படிச்சேன். 1872-ல வெள்ளைக்காரன் போட்ட சாட்சியச் சட்டத்திலேயே 25-வது பிரிவு தெளிவா இருக்கு. போலீஸ் அதிகாரிகிட்ட ஒருத்தர் குற்றத்தை ஒப்புக்கொண்டதா சொல்றதை, அவருக்கு எதிரா கோர்ட்ல நிரூபிக்க முடியாது. புதுசா வந்த பாரதிய சாட்சிய சட்டத்துல அது 23-வது பிரிவு. ஒப்புக்கொண்டதை வெச்சுப் பொருள் ஏதாவது கண்டெடுத்தா, அந்த அளவுக்கு மட்டும் விலக்கு. ஏன் இப்படி ஒரு பிரிவு? ஸ்டேஷனுக்குள்ள வாக்குமூலம் எப்படி 'வாங்கப்படும்'னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. கோர்ட்ல செல்லாத காகிதம், நம்ம ஊர்ல தலைப்புச் செய்தி.

இதுல நிருபரை மட்டும் திட்டினா பிரயோஜனம் இல்லை. சின்ன ஊர்ல பகுதி நேர நிருபருக்கு மாசச் சம்பளம்னு ஒழுங்கா ஒண்ணு கிடைக்கிறதே அபூர்வம். அவருக்குத் தினமும் செய்தி கொடுக்கிற ஒரே இடம் போலீஸ் ஸ்டேஷன். செய்திக்குறிப்பு வாட்ஸ்அப் குரூப்ல வந்துடும், போட்டோவும் கூடவே வரும். ஸ்டேஷனுக்கு எதிரா ஒரு தடவை எழுதினா, அடுத்த நாள்ல இருந்து போனை எடுக்க மாட்டாங்க. அப்புறம் டெஸ்க்ல 'போலீசார் தெரிவித்தனர்'ங்கிற ரெண்டு வார்த்தையை வெட்டினா முடிஞ்சது. போலீஸ் சொன்னது, நடந்ததா மாறிடும்.

சாத்தான்குளத்தை எடுத்துக்கோங்க. 2020 ஜூன் 19. செல்போன் கடை வெச்சிருந்த அப்பாவும் மகனும். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததா சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு பேரும் தரையில உருண்டு புரண்டதால உள்காயம்னு எஃப்ஐஆர். 22-ம் தேதி மகன் இறந்தார், 23-ம் தேதி அப்பா. அன்றைய முதல்வரோட அறிக்கையிலேயே மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவுன்னுதான் வந்துச்சு. பக்கத்துக் கடை சிசிடிவி வெளியே வந்த பிறகுதான் அந்த உருண்டு புரண்ட கதை உடைஞ்சது.

இன்ஜினியரா எனக்குத் தூக்கம் வராம பண்ணினது வேற விஷயம். நீதித்துறை நடுவர் விசாரணைக்குப் போனப்போ, ஸ்டேஷன் சிசிடிவியில 1 டிபி ஹார்டு டிஸ்க் இருந்துச்சு. ஆனா பதிவு தினமும் தானா அழியிற மாதிரி செட்டிங். வீட்டுக்கு கேமரா மாட்டினவங்களுக்குத் தெரியும், சாதாரணமா டிஸ்க் நிறைஞ்ச பிறகுதான் பழசு மேல புதுசு எழுதும். இடம் இருக்கும்போதே தினமும் அழிக்கணும்னா, யாராவது மெனுவுக்குள்ள போய் அதைத் தேர்வு பண்ணணும். கேமரா கடைசியில கைவிட்டுடுச்சு. அங்கே டூட்டியில இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயந்துக்கிட்டேதான் நடுவர்கிட்ட உண்மையைச் சொன்னாங்க. காக்கிச் சட்டையில இருக்கிற எல்லாரையும் ஒரே தராசுல வைக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு அந்த அக்கா ஒருத்தர் போதும்.

அதே வருஷம் டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்லயும் ஒலியோட சேர்த்துப் பதிவாகிற கேமரா வேணும், 18 மாதம் பதிவு நிக்கணும், முடியாத இடத்துல ஓராண்டாவது இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. சரி, அடி கேமரா இல்லாத இடத்துக்கு நகர்ந்தா? 2025 ஜூன்ல திருப்புவனம் பக்கத்துல மடப்புரத்தில அதுதான் நடந்துச்சு. காணாமப்போன நகைக்காகக் கோயில் காவலாளி இளைஞர் ஒருத்தரை, சீருடை இல்லாத தனிப்படை ஸ்டேஷனுக்கு வெளியேயே வெச்சு அடிச்சாங்க. எஃப்ஐஆர்ல வலிப்பு வந்துச்சுன்னு கதை. பிரேதப் பரிசோதனையில 44 காயம். ஒருத்தர் ஜன்னல் வழியா மறைஞ்சு எடுத்த போன் வீடியோ இல்லைன்னா, 'வலிப்பு வந்து வாலிபர் சாவு'ன்னு நாலு வரியில முடிஞ்சிருக்கும். நம்மள்ல பாதிப் பேர் அதைப் படிச்சே இருக்க மாட்டோம்.

2020-ல ஒரு ஆட்சி, 2025-ல வேற ஆட்சி. யார் ஆட்சின்னு பார்த்துக் கோபப்படுற பழக்கம் நமக்கும் இருக்கு, மறைக்க வேண்டாம். ஆட்சி மாறியும் மாறாதது எதுன்னு கேளுங்க. போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில தனி ஆணையம் வேணும்னு 2006-ல பிரகாஷ் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-ல நம்ம மாநிலம் போட்ட சட்டத்துல மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், டிஜிபி அதுல உறுப்பினர். மாமியார்கிட்டயே மாமியாரைப் பத்திப் புகார் கொடுக்கிற மாதிரி! நாம மேடையில கேட்க வேண்டிய கேள்வி இது. கார்டு போட வேண்டியதும் இதுக்குத்தான்.

பேஜ் வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு விஷயம். கைதானவர் முகம் இனி நம்ம கார்டுல வராது. 'குற்றவாளி'ங்கிற வார்த்தை தீர்ப்புக்குப் பிறகுதான். 'போலீசார் சொல்கிறார்கள்'ங்கிறதை எடிட் பண்றவங்க வெட்டக் கூடாது. செய்தி லேட்டா போனாலும் பரவாயில்லை.

அந்தக் கார்டுக்கான மறுப்பு இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு இதே பேஜ்ல வரும். பையனோட பேரும் போட்டோவும் இருக்காது. அவங்க அக்காகிட்ட வாசகத்தைக் காட்டிட்டேன், ஒரு வரியை மாத்தச் சொன்னாங்க, மாத்தியாச்சு. அந்தக் கார்டை உங்க ஊர் குரூப்ல அன்னைக்கு யார் யார் போட்டீங்களோ, அதே குரூப்ல இதையும் போடுங்க.