நூறு விதையில் எத்தனை முளைச்சது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கல்வராயன்மலைப் பகுதி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கடன், சேமிப்பு, கறவை மாடு பற்றியெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாச் சொல்லிட்டாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விதை முளைக்க வைக்கச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றி நான் பேச வந்திருக்கேன். கேட்டு முடிச்சதும், இது பிள்ளைகள் சமாச்சாரம் மட்டும் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் சேர்த்த 1,545 பள்ளிகளில் மலைப்பகுதிப் பள்ளிகளும் உண்டு. கிராமப்புறத்தில் சமைக்கிறது நம்ம குழுப் பெண்கள்தான். நானும் அப்படித்தான் தினமும் ஒரு பள்ளிக்குப் போறேன். அங்கே சாரணர் படை நடத்துற ஆசிரியை ஒருநாள், "அக்கா, தோட்ட வேலைக்கான பேட்ஜுக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணணும். விதை பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும், வந்து சொல்லிக்கொடுங்க" என்று கேட்டாங்க.

சாரணர்னா சீருடை போட்டுக் கொடி பிடிக்கிறது மட்டும் இல்லீங்க. 1907-இல் இங்கிலாந்தில் பேடன் பவல் நடத்திய முகாமில் ஆரம்பிச்ச இயக்கம் இது. நம்ம நாட்டில் 1950 நவம்பர் 7 முதல் பாரத சாரண சாரணியர் இயக்கமா நடக்குது. சின்னப் பையன்களைக் குருளையர் என்றும், சின்னப் பெண் பிள்ளைகளை நீலப்பறவையர் என்றும் சொல்றாங்க. ஒரு வேலையைக் கையால் செய்து காட்டினால்தான் அதுக்கான பேட்ஜ்.

முதல் நாள் சாமை, கேழ்வரகு, மக்காச்சோளம், மொச்சை, உளுந்து எல்லாத்தையும் கையில் கொடுத்தேன். ராத்திரி ஊறவைத்த மொச்சையைத் தோல் உரித்து இரண்டாகப் பிளந்து காட்டினேன். உள்ளே ஓரத்தில் ஒரு குட்டிச்செடி ஒட்டிக்கிட்டு இருந்தது. "இதுதான் செடி. சுத்தி இருக்கிறது அதுக்குக் கட்டிவச்ச சோறு" என்று சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு பிள்ளையும் விதையைக் கீழே சிந்தலை.

முளைக்க ஈரம், காற்று, வெதுவெதுப்பு மூணும் வேணும். ஒரு டம்ளரில் விதை மூழ்கத் தண்ணீர் ஊற்றி வைத்தோம், இன்னொன்றில் ஈரத்துணியில் மடித்து வைத்தோம். மூழ்கினது நாறிப்போச்சு, துணியில் இருந்தது முளைச்சது. காற்று எதுக்கு என்று அதுக்கு மேல் விளக்க வேண்டியிருக்கலை. சில விதையைத் தலைகீழாகவும் புதைத்துப் பார்த்தோம். எப்படிப் போட்டாலும் வேர் வளைந்து கீழேதான் போகுது, குருத்து மேலேதான் வருது.

ஒரு பாப்பா, "அத்த, முளைப்பாரி மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டாள். இருட்டில் வளர்வதால் மஞ்சள், வெளிச்சம் பட்டால்தான் பச்சை பிடிக்கும். அதுவரைக்கும் அது உயிரோட நிற்கிறது விதைக்குள்ளே இருந்த சாப்பாட்டில்தான். முளைப்பாரி போடும்போது யார் வீட்டு விதை நல்லா எழுந்திருக்கு என்று ஊரே பார்த்துடும். நம்ம ஆயாக்கள் சாமி பேரில் விதையையும் சோதிச்சிருக்காங்க.

அடுத்ததுதான் முக்கியம். வீட்டில் விதைப்புக்கு வைத்திருக்கிற விதையில் கண்ணை மூடிக்கிட்டு 100 எடுத்து வரச் சொன்னோம். நல்லதாப் பொறுக்கக் கூடாது. பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, வரிசைக்கு 10 வீதம் 10 வரிசை வைத்து, சுருட்டி நிழலில் வைக்கணும். காய விடாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கணும். சாமை, கேழ்வரகுக்கு 8 நாள், நெல், மிளகாய்க்கு 14 நாள் கழித்து, வேரும் குருத்தும் நல்லா இருக்கிறதை மட்டும் எண்ணணும்.

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொண்டுவந்த சாமையில் 38தான் முளைச்சது. பேட்ஜ் போச்சு என்று அழுதுட்டா. ஆசிரியை அவள் நோட்டைப் பார்த்து, "சரியா எண்ணியிருக்கே, சரியா எழுதியிருக்கே. முளைக்காதது உன் தப்பு இல்லம்மா" என்று சமாதானம் சொன்னாங்க.

அவள் அம்மா நம்ம குழுதான். கூரை ஒழுகி விதை மூட்டை நனைந்து, திரும்பக் காயவைத்த சாமை அது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியலை. உழவுக்காகக் குழுவில் கடனும் வாங்கியிருந்தாங்க. அந்த விதையைத் தூவியிருந்தால் காட்டில் பாதிக்கு மேல் வெறும் மண்தான் கிடந்திருக்கும். கடன் தவணை மட்டும் மாசம் தவறாமல் வந்திருக்கும். பக்கத்து வீட்டில் சாமை மாற்றி வாங்கி, அதையும் எண்ணிப் பார்த்து, அப்புறம்தான் விதைச்சாங்க. காப்பாத்தினது ஒரு பழந்துணியும் எட்டு நாளும்தான்.

கீழ்நாட்டுச் சகோதரிகளுக்கும் சொல்றேன். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு இவ்வளவு என்று அரசு வைத்திருக்கு: நெல்லுக்கு 80, கேழ்வரகு, உளுந்துக்கு 75, கத்தரி, தக்காளிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. உங்கள் விதை இதுக்கு மேல் இருந்தால் தைரியமாகப் போடலாம். 80 வரவேண்டியது 60 வந்தால், 3 படிக்குப் பதில் 4 படி விதை தேவைப்படும். பாதிக்கும் கீழே போனால் அது விதை இல்லை, தானியம். கடையில் வாங்கினால் பையில் இருக்கிற அட்டையையும் பில்லையும் அறுவடை வரைக்கும் பத்திரமா வைங்க. பிள்ளைகள் கையில் வீட்டு விதை மட்டும் கொடுங்க. மருந்து கலந்து சாயம் ஏற்றின விதை விஷம், அது சமையல் கூடத்துப் பக்கமே வரக்கூடாது.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை மூணு. ஒண்ணு, விதைக்கவோ உழவுக்கோ கடன் கேட்கிறவங்க நூறு விதை எண்ணின கணக்கைக் குழுக் கூட்டத்தில் சொல்லணும், தீர்மான நோட்டில் எழுதணும். கடனைத் தடுக்க இல்லை, கடன் வீணாகாமல் இருக்க. இரண்டு, நல்லா முளைச்ச வீட்டு விதையை உறுப்பினர்களுக்குள்ளே மாற்றிக்கொள்ள ஆடிப் பட்டத்துக்கு முன்னாடி ஒரு கூட்டம் போடணும். மூணு, காலை உணவு சமைக்கிற நம்ம பெண்கள் அந்தந்தப் பள்ளித் தோட்டத்துக்கும் துணையா நிற்கணும்.

அந்தப் பிள்ளைகள் படையில் இப்போ எட்டுப் பேர் பேட்ஜுக்குத் தயாரா இருக்காங்க. உங்கள் விதையை எண்ணிக் கொடுக்க ஆள் வேணும்னா அவங்களைக் கூப்பிடுங்க, நம்மைவிட நிதானமா எண்ணுவாங்க.