பெருமுக்கல் தாண்டி, மரக்காணக் கடலில் ஒரு நாள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்தில் ஏறினால் சன்னலோர இருக்கை பார்த்து உட்காருங்கள். வயலும் சவுக்குத் தோப்புமாக ஒரே மட்டத்தில் கிடக்கும் அந்தப் பூமியில், பாறையும் முட்புதருமாக ஒரு குன்று எழும்பி நிற்கும். அதுதான் பெருமுக்கல். கடலைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கே இறங்குவதில்லை. இன்று நாம் இறங்குவோம்.

மலைமேல் சோழர் காலக் கல்வெட்டுகளுள்ள சிவன் கோயில் இருக்கிறது. குகைப் பாறை ஒன்றில், எழுத்து தோன்றுவதற்கு முன்பு வாழ்ந்த மனிதர்கள் கீறிவிட்டுப் போன உருவங்கள் இருக்கின்றன. இடிந்த கோட்டைச் சுவர்களும் உண்டு. ஆங்கிலேயரின் பழைய போர்க் குறிப்புகளில் இந்த மலையின் பெயர் ‘பெர்மாக்காயில்’. புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறிக்கப் படை திரட்டிய ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், 1760 மார்ச்சில் முதலில் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அதே மாதத்தில் கடற்கரையிலுள்ள ஆலம்பரைக் கோட்டையும் விழுந்தது. அடுத்த ஆண்டு சனவரியில் புதுச்சேரியும் பணிந்தது. ஹைதர் அலியின் படையும் பின்னாளில் இந்த மலைக்காக மோதியது. மூச்சு வாங்க மேலே ஏறி நின்றால், ஏன் இத்தனை பேர் இதற்காகச் சண்டையிட்டார்கள் என்பது விளங்கிவிடும். சுற்றுப்புறத்தில் எது அசைந்தாலும் இங்கிருந்து தெரியும்.

மழைக்காலம் முடிந்த தை மாதக் காலையில் ஏறுங்கள். கிழக்கே, மரங்களுக்கு அப்பால் முதலில் தண்ணீர் மின்னும். அது கழுவெளி ஏரி. அதற்கும் அப்பால் வெள்ளையாகத் தெரிவது மரக்காணத்து உப்பளம். அதற்கும் பின்னால் நீலக்கோடாகக் கடல். இன்றைய நமது பயணம் முழுவதும் இந்த ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த வழி நமக்குப் புதிதல்ல. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனைத் தேடிச் செல்லும் பாணன் கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்திலிருந்து புறப்பட்டு, உள்நாட்டில் இருக்கும் கிடங்கிலை நோக்கி நடக்கிறான். கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தப் பட்டினத்துப் பரதவர், வந்த பாணனுக்குத் தேறலும் சுட்ட மீனும் கொடுத்து உபசரிக்கிறார்கள். பாணன் கடலிலிருந்து உள்ளே வந்தான். நாம் உள்ளிருந்து கடலுக்குப் போகிறோம்.

கழுவெளியைப் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்வார்கள். மழைநீர் நிறையும்போது நன்னீராகவும், கோடையில் கடல் நீர் ஏறும்போது உவராகவும் மாறிக்கொண்டே இருக்கும். பனிக்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகின்றன. 2021இல் தமிழ்நாடு அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. எடையன்திட்டுக் கழிமுகம் வழியாக இந்த ஏரி கடலோடு பேசுகிறது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கி, சென்னையைக் கடந்து 400 கிலோமீட்டருக்கு மேல் வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இங்கேதான். சரக்கு ஏற்றிய படகுகள் கடலுக்குள் இறங்காமல், கரையை ஒட்டியே வருவதற்காக வெட்டிய வழி அது. கப்பல் அணைய ஒரு இயற்கைத் துறைமுகம்கூட இல்லாத, அலை கொந்தளிக்கும் கரை இது என்பதற்கு அந்தக் கால்வாயே சாட்சி.

உப்பளத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உப்பளத்து அளவையில் கடல் நீரின் அடர்த்தி ஏறக்குறைய 3 டிகிரி. வெயிலில் பாத்தி மாற்றிப் பாத்தியாகக் காய்ச்சி அதை 25 டிகிரிக்கு ஏற்றினால்தான் உப்பு பூக்கும். தண்ணீர் விடுவதற்கு முன் பாத்தியின் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மண் கலந்து உப்பு கறுத்துப் போகும். தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும் வரை இந்த வேலை. நண்பகல் வெயிலில் கால்கள் உவர்நீரிலும் கண்கள் உப்பின் கூச்சத்திலும் இருக்க, பலகையால் உப்பை இழுத்துக் குவிக்கிற ஆண்களையும் பெண்களையும் பார்த்த பிறகு, சோற்றில் உப்புப் போடும்போது அவர்கள் நினைவு வராமல் இருக்காது.

உப்பளத்துக்குக் கிழக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் மீனவர் குப்பங்கள். அங்கே ஒரு குப்பத்தில், வயதில் மூத்த மீனவர் ஒருவரோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதை விரிவாகச் சொல்லத்தான் இந்த உரை.

இன்று உலகமெங்கும் கயாக் என்னும் சிறு படகில் ஏறிக் கடலில் தூண்டில் போடுவது பெரிய விருப்பமாகிவிட்டது. வடதுருவத்து இனூயிட் மக்கள் தோலைப் போர்த்திச் செய்த கலத்தின் வழிவந்தது அது. ஒற்றை ஆள், ஒரு துடுப்பு, நீர் மட்டத்தில் உட்கார்ந்து மீன்பிடிப்பது. நம் கரையில் அதே வேலையைக் காலங்காலமாகச் செய்துவருவது கட்டுமரம். ஆனால் கட்டுமரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதற்கு உட்குழிவு கிடையாது. மூன்று, நான்கு மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். படகு என்றால் உள்ளே தண்ணீர் புகும், நிறையும், மூழ்கும். கட்டுமரத்தின் மேல் அலை ஏறி விழுந்தாலும், சல்லடையில் ஊற்றிய மாதிரி மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கிவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். இப்போது விற்கிற பிளாஸ்டிக் கயாக்குகளில் பலவற்றில், மேலே உட்கார்ந்து ஓட்டும்படி செய்து, வந்த நீர் வடிய அடிவரை துளை விடுகிறார்கள். நம் ஆட்கள் கரையோரம் அலை உடையும் இந்த அலைவாயைப் பார்த்துப் பார்த்து எப்போதோ கண்டுகொண்ட உண்மை அது.

1690இல் சென்னைக்கு வந்த ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தன் பயண நூலில் கட்டுமரத்தைக் குறித்து வைத்தார். சென்னையில் துறைமுகம் எழும்பும் முன்பு, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதங்களைக் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே. ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு, நனையாமல் கொண்டுசேர்ப்பார்கள். எந்தப் படகும் இறங்கத் துணியாத நாளில்கூட அவர்கள் இறங்கினார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் இந்தியக் கலங்களைப் பற்றி எழுதியபோது கட்டுமரத்தின் வகைகளையும் ஆராய்ந்தார். கோலா மீன் பிடிக்க ஆழ்கடல் போகும் பெரிய மரம் ஒன்று உண்டு. தழைக்கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டால், முட்டையிட வரும் கோலா மீன்கள் அதைச் சுற்றிக் கூடும். நாங்கள் போனது அப்படிப்பட்ட மரமில்லை; இரண்டு பேர் குந்துகிற சின்ன மரம்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பினோம். அதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் பின்னிரவில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அந்தக் காற்று முதுகில் தள்ள வெளியே போகலாம். வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று திரும்பும். அதில் கரைக்கு வரலாம். மோட்டார் இல்லாதவனுக்குக் காற்றுதான் கடிகாரம்.

கரையில் மரத்தை நிறுத்திவிட்டுப் பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கரையில் அலை இரண்டு மூன்று வரிசையாக உடையும். எனக்கு அலைகளெல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. “எப்பங்கய்யா போறது?” என்றேன். “இரு தம்பி. பெரிய அலை வரிசையா வரும். வந்து முடிஞ்சதும் கொஞ்சம் தணியும். அப்பதான் தள்ளணும்” என்றார். சொன்ன சற்று நேரத்தில் “தள்ளு!” என்று ஒரு குரல். இடுப்பளவு நீர் வந்ததும் ஏறிவிட வேண்டும். முழங்காலை ஊன்றி, துடுப்பை இரு பக்கமும் மாற்றி மாற்றி வலிக்க வேண்டும். முன்னால் எழுந்த அலை மரத்தின் மேலேயே உடைந்தது. மூச்சு முட்டியது; உப்பு நீர் மூக்கில் ஏறியது. கண்ணைத் திறந்தபோது மரம் அசையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையைத் தாண்டியதும் சத்தமெல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

நீர்மட்டத்தில் உட்கார்ந்தவனுக்குக் கடல் வேறு மாதிரி தெரிகிறது. கண் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் வெறும் மூன்றரைக் கிலோமீட்டர் தொலைவில்தான். திரும்பிப் பார்த்தால் முதலில் மணல் மறையும், பிறகு வீட்டுக் கூரை, கடைசியாகப் பனைமரங்களின் தலை மட்டும் மிஞ்சும். மீன் இருக்கும் இடத்தை அடையாளம் வைப்பதும் இந்தக் கரையை வைத்துத்தான். கரையிலுள்ள ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள ஒரு பனைக்கூட்டத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, இன்னொரு திசையில் வேறு இரண்டை அப்படியே நிறுத்தினால், அந்த இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் நாம் தேடும் மீன் இருக்கும் இடம். இப்போது செல்பேசிக் கோபுரங்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. ஜிபிஎஸ் கருவி உள்ள படகுக்காரர்கள்கூட, கண் பழகிய அடையாளத்தை விட்டுவிடவில்லை.

இடம் வந்ததும் பெரியவர் தூண்டில் நூலைத் தண்ணீரில் விட்டு, அது சாயும் பக்கத்தைப் பார்த்தார். “தெண்டி ஓடுது” என்றார். தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற நீரோட்டம் தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. கிழக்குக் கரையோரத்து நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது என்று கடலியல் விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். மாசி வாக்கில் வடக்கு நோக்கி ஓடத் தொடங்கி, ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பிவிடும். பெரியவர் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. எந்த நீரோட்டத்தில் எந்த மீன் வரும், எதில் வலை சுருட்டிக்கொள்ளும், எந்த நாளில் கடலுக்கே போகக்கூடாது என்பதெல்லாம் அந்த ஒரு நூலின் சாய்விலிருந்து அவருக்குத் தெரிகிறது. இப்படிப்பட்ட அறிவைத் துடுப்பு வலிக்கிற ஆட்கள் இருக்கும் வரைதான் நாம் கேட்டுப் பெற முடியும். பல்கலைக்கழகங்கள் இவர்களிடம் வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இறால் துண்டைக் கோத்து நூலை இறக்கினோம். ஈயக்குண்டு மணலில் தட்டியதும் சற்றே உயர்த்தி, ஆள்காட்டி விரலில் நூலைத் தாங்கியிருக்க வேண்டும். கிழங்கான் மீன் கடிப்பது மெல்லிய அதிர்வாகத்தான் வரும். சங்கரா கடித்தால் வெடுக்கென்று இழுக்கும். முதலில் வெறும் முள்தான் திரும்பத் திரும்ப மேலே வந்தது. பிறகு கிழங்கான்கள் வரத் தொடங்கின; வெள்ளியாய்ப் பளபளத்து, நீண்டு மெலிந்த மீன்கள். நடுவில் சங்கரா ஒன்று சிவந்து துள்ளியபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! பிடித்ததை மரத்தோடு கட்டிய பைவலைக்குள் போட்டோம். சற்றுத் தொலைவில் பங்குனி ஆமை ஒன்று தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு அமிழ்ந்தது. மோட்டார் சத்தம் இல்லாததால் அது எங்களைப் பொருட்படுத்தவில்லை.

தாகம் எடுத்தபோது பிளாஸ்டிக் குடுவையிலிருந்த நீராகாரத்தைக் குடித்தோம். வெயில் ஏறியதும் காற்று நின்றது. பின்பு முகத்தில் அடித்த காற்று கடலிலிருந்து வந்தது. திரும்பும்போது அலைவாய்தான் மறுபடியும் சோதனை. அலையின் முதுகில் ஏறிக்கொண்டு, அதற்கு முன்னே ஓடாமலும் பின்தங்காமலும் வர வேண்டும். முன்னே ஓடினால் மரத்தின் மூக்கு மணலில் குத்தும். பெரியவர் பின்னாலிருந்து துடுப்பையே சுக்கானாகப் பிடித்து மரத்தை நேராக வைத்திருந்தார். கரை தட்டியதும் இருவர் ஓடிவந்து இழுத்தார்கள். மீன் மணலுக்கு வந்த உடனே ஏலம். ஏலத்தை நடத்துவதும் எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். எங்கள் மீனை எடுத்த அம்மா, “கெழங்கான் நல்லா இருக்குது, சங்கரா ஒண்ணுதானா?” என்று கேட்டுக்கொண்டே கூடையைத் தூக்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார்.

பிறகு நடந்ததுதான் பலரும் கவனிக்காதது. மரத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் பரப்பினார்கள். மரம் தண்ணீர் குடித்திருக்கும். காய்ந்தால்தான் நாளைக்கு மிதக்கும். ஆக, கட்டுமரத்துக்குக் கடல் எவ்வளவு தேவையோ அவ்வளவு மணலும் தேவை. அந்த மணல்தான் இப்போது குறைந்துவருகிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கற்சுவர் எழுப்பிய பிறகு, தெற்கிலிருந்து நீரோட்டம் சுமந்துவரும் மணல் அங்கே தேங்கி, வடக்கே உள்ள ஊர்களின் கரை அரித்துப் போனது. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் போனால் இடிந்த வீடுகளைப் பார்க்கலாம். கல் கொட்டிய கரையில் மரத்தை எங்கே இழுத்துப் போடுவது, எங்கே உலர்த்துவது?

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த கண்ணாடி இழைப் படகுகள் இந்தக் கரையில் நிறைந்தன. கட்டுமரம் மெல்ல ஒதுங்கியது. தெர்மோகோலைச் சாக்கில் அடைத்துக் கட்டிய ஒற்றை ஆள் தெப்பங்களும் தமிழகக் கரையில் சில இடங்களில் வந்துவிட்டன. ஆனாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் 61 நாட்களில், கரையோரம் துடுப்பு வலித்துப் போகிறவர்களுக்குத் தடை இல்லை. அந்த நாட்களில் சந்தைக்கு வரும் கரைமீனில் இவர்களுக்கும் பங்கு உண்டு. விலையும் அப்போதுதான் கொஞ்சம் கட்டுப்படியாகிறது என்றார் பெரியவர்.

போக நினைக்கும் நேயர்களுக்கு: பெருமுக்கல்லுக்கு விடியற்காலையிலேயே ஏறி, வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்கள், குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். துடுப்புப் பழகிப் பார்க்க ஆசை என்றால், மரக்காணத்துக்கு வடக்கே முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. அங்கே அலையில்லாத உப்பங்கழியில் கயாக் ஓட்டலாம். கடலுக்கு என்றால் தை பிறந்து வாடைக் காற்று அடங்கட்டும். உயிர்காப்பு உடையைப் போட்டுக்கொள்ளுங்கள். குப்பத்துப் பெரியவர் கடலைப் பார்த்துவிட்டு “இன்னிக்கு வேணாம்” என்றால், மறுபேச்சில்லாமல் மரக்காணத்துப் பூமீஸ்வரர் கோயிலுக்குப் போய்ச் சோழர் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடலுக்கு மறுநாள் போய்க்கொள்ளலாம்.