கையொப்பம் இடுமுன் ஒரு கணக்கு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர்களை மேடைக்கு அழைத்தால் சுகாதாரம் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது வழக்கம். நாங்கள் இன்று கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் வெட்டுப்புள்ளி எட்டவில்லை. கடன்பட்டாவது தனியார் நிறுவனமொன்றில் முகாமைத்துவப் பட்டம் படிக்கலாமா? பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலைத் தோட்டங்களிலிருந்து நம் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளில், பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி இது.

இதற்குப் பதில் சொல்லும்போது நாங்கள் ஒன்றை மறக்கக்கூடாது. மருத்துவபீடத்தில் நாங்கள் படிப்புக் கட்டணம் செலுத்தவில்லை. 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நாட்டுக்குக் கிடைத்த இலவசக் கல்வியின் பிள்ளைகள் நாங்கள். தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியதே 1970களில்தான். கடன்படாமல் படித்தவர்கள், கடன்பட வேண்டிய பிள்ளையிடம் "எப்படியாவது படி மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமல்ல.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியிடம் கையொப்பம் வாங்குகிறோம். அதற்கு முன் நன்மை என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்று விளக்குவது எங்கள் கடமை. கடன் பத்திரத்தில் பிணையாளியாகக் கையொப்பமிடும் தாய்க்கும் அதே விளக்கம் கிடைக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 25 நாள் பேர் விழுந்தால் 33,750 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் கையில் 31,050. இது மழையும் சுகவீனமும் குறுக்கிடாத மாதத்தின் கணக்கு.

படிப்புக்கு எட்டு இலட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். உயர்தரம் சித்தியெய்தியும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக 2017 இல் வட்டியில்லாக் கடன் திட்டமொன்று தொடங்கப்பட்டது. வட்டியில்லாமல் ஏழு வருடத்தில் திருப்பிக் கட்டினால் மாதம் 9,525 ரூபாய் அளவில் வரும். அதே தொகையை 15 வீத வட்டிக்கு எடுத்து ஐந்து வருடத்தில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 19,000 ரூபாய். மொத்தம் பதினொரு இலட்சத்தைத் தாண்டும்.

மகள் கொழும்பில் 50,000 ரூபாய் சம்பளத்தில் தொடங்குகிறாள் என வைப்போம். அறை வாடகை, சாப்பாடு, பஸ் என்று 35,000 போனால் மிச்சம் 15,000. முதலாவது கடனை அவள் தாங்குவாள். இரண்டாவதை அவளால் தாங்க முடியாது. குறையும் 4,000 ரூபாய் அம்மாவின் கொழுந்துக் கூடையிலிருந்துதான் போகும். அந்த அம்மா ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று நீரிழிவுக் கிளினிக்கைத் தவறவிடுவார். ஆகவே இந்தத் தவணைக் கணக்கு எங்கள் வைத்தியத் துறைக்கும் உரியதுதான்.

இன்னொரு விடயம். படித்தபின் வரும் 50,000 முழுவதும் பட்டத்தின் பெறுமதி அல்ல. உயர்தரத்தோடு வேலைக்குப் போனால் 35,000 கிடைக்குமென்றால், பட்டம் தரும் மேலதிக வருமானம் 15,000 மட்டுமே. கடன் தவணையை அந்த 15,000 உடன்தான் ஒப்பிட வேண்டும். இடைநடுவில் படிப்பை விட்டால் அந்த 15,000 கிடைக்காது, கடன் மட்டும் மிஞ்சும்.

அப்படியென்றால் படிக்க வேண்டாமா? படிக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் வாசலில் உள்ள கதவுகளைத் தட்டுங்கள். 1995 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்துக்குப் பதுளையிலேயே கிளை உண்டு. முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. கணக்கியல் டிப்ளோமாவை, அரச வேலைகளில் வர்த்தகமாணிப் பட்டத்துக்கு மாற்றுத் தகைமையாக 1990 இலேயே சுற்றறிக்கை மூலம் ஏற்றுக்கொண்டார்கள். வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையமும் பதுளையில் உண்டு. அங்கே கட்டணம் உண்டு என்றாலும், உழைத்து உழைத்துச் செலுத்தலாம்.

இந்த வழிகளுக்கும் விலை உண்டு. டிப்ளோமாவின் போதனாமொழி ஆங்கிலம். தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளை முதல் வருடத்தில் திணறுவாள். தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏற முடியாதவளுக்கு அறை தேட வேண்டும். இலவசப் படிப்பைப் பிள்ளைகள் கைவிட நேர்ந்தால், பெரும்பாலும் காரணம் இந்த இரண்டும்தான்.

அதையும் மீறிக் கடன் எடுப்பதானால், பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா, பரீட்சைக் கட்டணம் உட்பட முழுச் செலவு எவ்வளவு, போன வருடம் முடித்தவர்கள் எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் கையொப்பமிட வேண்டாம்.

அமெரிக்காவில், கம்யூனிட்டி கொலேஜ் எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகள் உட்பட, எங்கே படித்தவர் எவ்வளவு கடன்பட்டார், எவ்வளவு உழைக்கிறார் என்று அந்நாட்டுக் கல்வித் திணைக்களம் 2015 முதல் இணையத்தில் பட்டியலிடுகிறது. நம் தங்கைமாருக்கு அப்படியொரு பட்டியலாக நாமே இருக்கலாம். பதுளை முதல் டொரொன்டோ வரை வாழும் பழைய மாணவிகள் ஒவ்வொருவரும் என்ன படித்தோம், எவ்வளவு செலவானது, முதல் சம்பளம் எவ்வளவு என்ற மூன்று வரியைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம். உண்மை போதும்.

உதவ விரும்புவோரிடம் இன்னொரு வேண்டுகோள். தனியார் பட்டம் ஒன்றுக்கு முழுக் கட்டணம் கட்டும் பணத்தில், இலவச இடம் கிடைத்த பல பிள்ளைகளுக்கு அறை வாடகையும் ஆங்கில வகுப்பும் கொடுக்கலாம். நூறு வருடம் இந்தப் பாடசாலை பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்கு கடன் பத்திரத்தின் முன் உட்காரும் தாய்க்கும் மகளுக்கும் உதவட்டும்.