கூப்பிட்டதும் வரும் குட்டி

நாய் இல்லாத தோட்டத்தை நாம் பார்த்ததில்லை. லயத்துக்கு நான்கு நாயாவது இருக்கும். மணி, டைகர், ஜிம்மி, கருப்பன் என்று பெயரும் இருக்கும். ஆனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டவுடன் ஓடி வருகிற நாய் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால், ஒரு கை விரல்களே அதிகம். சோற்றுத் தட்டின் சத்தம் கேட்டால் எல்லா நாயும் வந்துவிடும். அது நாம் கூப்பிட்டு வந்ததாகாது. பசி கூப்பிட்டு வந்தது. பூனையைத் துரத்திக்கொண்டு சாலையை நோக்கி ஓடும்போது கூப்பிட்டால் திரும்பி வருகிறதா? இன்று நாம் பேசப்போவது அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

இதற்கெல்லாம் ஒரு பேச்சா என்று சிலர் கேட்கலாம். கோலாலம்பூரை அடுத்துள்ள சாலாக் செலாத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரமெங்கும் இரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த பகுதி அது. நாய் அவிழ்த்துவிட்டபடி திரிந்தாலும் பெரிய ஆபத்து இல்லை. இன்று ஒரு பக்கம் இரயில் தண்டவாளம், 1998-ஆம் ஆண்டில் வந்த இலகு இரயில் இன்னொரு பக்கம், நெடுஞ்சாலை வேறு. மின்சார இரயில் பழைய நீராவி வண்டியைப் போல் ஊருக்கே அறிவித்துக்கொண்டு வருவதில்லை. தோட்டத்தை விட்டு வந்து இப்படிப்பட்ட இடங்களில் குடியேறிய குடும்பங்கள் பழைய நினைப்பில் நாயைத் திறந்து விட்டால், அது எத்தனை நாள் பிழைக்கும்?

தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கும் கவலை உண்டு. செம்பனைக் காட்டில் எலிக்கு மருந்து வைக்கிறார்கள். மரத்தடியில் கிடக்கும் அந்த மெழுகுக் கட்டியை நாய்க்குட்டி மிட்டாய் என்று நினைத்துக் கடித்துவிடும். அது உடனே கொல்லும் விஷம் அன்று. இரண்டு மூன்று நாள் கழித்து உள்ளே இரத்தம் கசிந்து குட்டி சோர்ந்து விழும்போது, எதனால் வந்தது என்றே வீட்டாருக்குத் தெரிவதில்லை. தின்றது தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உயிர்ச்சத்து 'கே' கொடுத்துப் பிழைக்க வைக்க வழி உண்டு. அதைவிட, குட்டி அந்தக் கட்டியை மோந்து பார்க்கும்போதே "வா" என்று ஒரு குரல் கொடுத்துத் திருப்ப முடிந்தால் மருத்துவச் செலவே இல்லை.

அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டும். நம் முஸ்லிம் அண்டை வீட்டார் மீது நாயின் எச்சில் பட்டுவிட்டால், அவர்கள் அந்த இடத்தை ஏழு முறை கழுவியாக வேண்டும்; அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகைக்குப் புறப்பட்டு நிற்பவரின் கைலியில் நம் குட்டி ஆசையாக மூக்கை வைத்தால் அவருக்கு எவ்வளவு சங்கடம்! குட்டிக்கு ஒன்றும் தெரியாது. கூப்பிட்டு நிறுத்த வேண்டியவர்கள் நாம்தாம். பழைய நாளில் ஊராட்சிக்காரர்கள் நாய் சுட வந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போதும் வெளியே திரியும் நாயை மாநகர் மன்றத்தார் பிடித்துப் போவார்கள். கழுத்தில் உரிமத் தகடு இருக்க வேண்டும்; குட்டி நம் குரலுக்கு எட்டிய தூரத்திலும் இருக்க வேண்டும்.

சரி, கூப்பிட்டால் குட்டி ஏன் வருவதில்லை? திமிர் என்போம். நாம் பார்த்த வரையில் பெரும்பாலும் நாமே அதை வராமல் இருக்கப் பழக்கிவிடுகிறோம்.

ஒரு குட்டி சப்பாத்தைக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பா கோபமாக "டேய் மணி, இங்க வா" என்கிறார். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. வந்ததும் முதுகில் ஓர் அடி. அப்பாவின் கணக்கில் அந்த அடி சப்பாத்துக்காக. குட்டியின் கணக்கு வேறு. சப்பாத்தைக் கடித்து அரைமணி நேரம் ஆயிற்று. அதை அது மறந்தே போயிற்று. கடைசியாக அது செய்த காரியம் என்ன? கூப்பிட்ட குரலுக்கு வந்தது. அடி அதற்குத்தான் விழுந்தது என்று எடுத்துக்கொள்கிறது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால், "இங்க வா" என்றால் "ஓடிப் போ" என்று பொருள் என அது கற்றுக்கொள்ளும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். குட்டிக்கு அந்தப் பழமொழி தெரியாது.

அடிக்காதவர்களும் ஒரு காரியம் செய்கிறார்கள். குளிப்பாட்ட வேண்டுமா, "வா". மருந்து ஊற்ற வேண்டுமா, "வா". விளையாட்டை நிறுத்திச் சங்கிலியில் கட்ட வேண்டுமா, அதற்கும் "வா". குட்டிக்குப் பிடிக்காத காரியம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லையே முன்னே அனுப்பினால், அது எப்படி வரும்? குளிப்பாட்ட வேண்டுமென்றால் நாமே நடந்துபோய்த் தூக்கி வருவோம். "வா" என்ற சொல்லுக்குப் பின்னால் நல்லதைத் தவிர வேறொன்றும் வரக்கூடாது. இன்று நாம் சொல்லும் மற்றவை மறந்தாலும் இது ஒன்று நினைவில் இருக்கட்டும்.

இரஷ்யாவில் இவான் பாவ்லோவ் என்றோர் அறிஞர் இருந்தார். செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். தம்மிடம் இருந்த நாய்களுக்கு உணவு வாயில் படுவதற்கு முன்பே, உணவு வரப்போகும் அடையாளம் தெரிந்ததுமே எச்சில் ஊறுவதை அவர் கவனித்தார். நம் வீட்டுச் சோற்றுத் தட்டின் சத்தமும் அதே கதைதான். தட்டுக்கு ஏதும் மந்திர சக்தி இல்லை. அந்தச் சத்தம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை, அவ்வளவே. தட்டுக்கு உள்ள அந்த மதிப்பை நம் குரலுக்கும் உண்டாக்குவதுதான் வேலை.

எந்த வயதில் தொடங்குவது? எட்டு வாரக் குட்டி வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கலாம். "இன்னும் சின்னது, வளரட்டும்" என்று விடுவது சரியன்று. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். குட்டி மனிதரோடு உறவு கொள்ளும் காலம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை என்று கண்டார்கள். அங்கேயே 1961-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், வேலியடைத்த வெளியில் மனிதப் பழக்கமில்லாமல் பதினான்கு வாரம் வரை வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்கைப் போல மிரண்டு நின்றன. அந்த ஆய்வில் பங்கு கொண்ட ஆர்வில் எலியட் பிறகு நம் நாட்டுக்கு வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. பகாங் மாநிலத்தில் தெலோம் ஆற்றுப் பக்கம் பூர்வகுடி மக்கள் வளர்த்த நாய்களைக் கண்டு வியந்தார். தூண்களின் மேல் நிற்கும் வீடுகளுக்கு அந்த நாய்கள் ஏணியில் ஏறிப் போகும். 1963-இல் ஒரு ஜோடி அமெரிக்காவுக்குப் போயிற்று. ஆற்றின் பெயராலேயே தெலோமியன் என்று அவற்றை அழைக்கிறார்கள். நாட்டு நாய்க்குப் புத்தி இல்லை, சீமை நாய்க்குத்தான் பழக்க முடியும் என்போருக்காக இதைச் சொன்னோம்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்றும் ஒரு பழமொழி உண்டு. அது வாலைப் பற்றியது. நாம் பழக்கப்போவது காதை.

முதலில் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து ஒரு சொல்லை முடிவு செய்ய வேண்டும். பாட்டி "தோ தோ" என்கிறார். அம்மா "இங்க வாடா" என்கிறார். பெரியவன் விசில் அடிக்கிறான். சின்னவள் தொலைக்காட்சியில் கேட்ட மாதிரி "கம் கம்" என்கிறாள். ஒரு குட்டிக்கு நான்கு மொழி! "மணி, வா" என்பது போதும். பெயர் அதன் கவனத்தைத் திருப்ப. "வா" அதை வரவழைக்க. பாட்டி பழக்கத்தை மாற்றமாட்டார் என்றால், எல்லாரும் "தோ தோ" என்றே சொல்லிவிட்டுப் போகலாமே! சொல் எதுவானாலும் நாய்க்கு ஒன்றுதான். ஒரே சொல்லாக இருக்க வேண்டும்.

அடுத்து, கையில் கொஞ்சம் தீனி. வேக வைத்த கோழி இறைச்சி, ஈரல், முட்டை, எது வீட்டில் இருக்கிறதோ அது. நெத்திலி என்றால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவிக் கொடுங்கள். ஒரு துண்டு சுண்டுவிரல் நகத்தில் பாதி இருந்தால் போதும். வயிறு நிரம்பிய குட்டி பாடம் படிக்காது. சமைத்த கோழி எலும்பு வேண்டாம். அது பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம் சேர்ந்த கறியும் சாக்லெட்டும் நாய்க்கு நஞ்சு.

வீட்டுக்குள்ளேயே, இரண்டு முழத் தூரத்திலிருந்து தொடங்குங்கள். குத்துக்காலிட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்தால் குட்டிக்கு நாம் மரம் சாய்வது போலத் தெரியும். "மணி, வா" என்று மலர்ந்த குரலில் ஒரே ஒரு தடவை. வந்து சேர்ந்த அந்த நொடியிலேயே வாயில் துண்டு. பாராட்டு பிறகு. பையில் தேடி எடுப்பதற்குள் குட்டி வேறெதையோ செய்துவிடும். கூலி அந்த வேறெதற்கோ போய்விடும். கொடுக்கும்போது மறு கையால் கழுத்துப் பட்டையை மெல்லப் பிடியுங்கள். துண்டை வாங்கிக்கொண்டு கைக்கு எட்டாமல் நழுவும் தந்திரத்தைக் கற்காமல் இருக்க இது வேண்டும். பிடித்தபின் உடனே விட்டுவிடுங்கள், போய் விளையாடட்டும். வந்தால் ஆட்டம் முடிந்தது என்ற எண்ணம் அதற்கு வரவே கூடாது.

வராவிட்டால்? "வா வா வா வா" என்று நாமம் ஜெபிப்பதில் பயனில்லை. பத்தாவது தடவைக்குத்தான் பொருள் என்று அது நினைத்துக்கொள்ளும். துரத்தவும் வேண்டாம்; குட்டிக்கு அது விளையாட்டு, நம்மைவிட அதற்குத்தான் கால் அதிகம். திரும்பி எதிர்ப்பக்கம் நாலு அடி ஓடிப் பாருங்கள். பின்னாலேயே வரும்.

பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு ஒன்று உண்டு. அஞ்சடியில் ஒரு முனையில் அண்ணன், மறு முனையில் தங்கை. ஆளுக்குக் கொஞ்சம் தீனி. மாறி மாறிக் கூப்பிட வேண்டும். ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. குட்டி இன்னும் விளையாட ஆசைப்படும்போதே நிறுத்திவிட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியை வெளியே பலர் நாய் நடமாடும் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால், இந்த உள்வீட்டுப் பாடம் அந்த வாரங்களுக்கு ஏற்றது. வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் தலைகாட்டியது நினைவிருக்கும். அதற்கான ஊசியையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வருகிற குட்டி வெளியில் வரவேண்டும் என்பதில்லை. வெளியில் கோழி இருக்கிறது, குரங்கு இருக்கிறது, மீன்காரரின் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அவற்றோடு நம் குரல் போட்டியிட வேண்டும். ஆகவே இருபது முப்பது அடி நீளத்தில் இலேசான நைலான் கயிறு ஒன்றைக் கட்டி விடுங்கள். கயிறு தரையில் இழுபடட்டும். அது இழுத்து வருவதற்கு அன்று. கூப்பிட்டும் ஓடிப்போய்ப் புதிய ஆசையில் இறங்காமல் தடுப்பதற்கு. முதலில் ஆள் இல்லாத காலை நேரம். பிறகு தூரத்தில் ஒரு கோழி. பிறகு பள்ளி விடும் நேரம். ஒரு படியில் பத்துக்கு ஒன்பது தடவை வந்தால் அடுத்த படி; வராவிட்டால் ஒரு படி கீழே. வெளியில் கொடுக்கும் துண்டு வீட்டில் கொடுப்பதைவிட ருசியாக இருக்கட்டும். கோழியைத் துரத்துவதை விட்டு வந்ததற்கு வறட்டு ரொட்டி கொடுத்தால் நியாயமாகுமா?

நான்கு மாதத்தில் தங்கமாக இருந்த குட்டி, ஏழெட்டு மாதத்தில் கேட்காத மாதிரி நிற்கும். பலர் இங்கேதான் மனம் வெறுத்துச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாதமளவில் நாய்கள் வளர்ப்பவரின் சொல்லைத் தட்டுவதும், அதே சொல்லை அந்நியர் சொன்னால் கேட்பதும் தெரியவந்தது. பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது கடந்து போகும் பருவம். அடிக்காமல், பழைய கயிற்றை மறுபடியும் கட்டி, இரண்டு படி கீழிறங்கிப் பாடத்தைத் தொடருங்கள்.

கயிற்றை எப்போது எடுப்பது என்று கேட்பீர்கள். ஒரே நாளில் அவிழ்த்தால் குட்டிக்கு வேறுபாடு தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு முழமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். கடைசியில் கழுத்துப் பட்டையில் ஒரு சாண் கயிறு தொங்கும்போதும் அது முழுக் கயிறு இருப்பதாகவே எண்ணி நடக்கும். சாலை ஓரத்திலும் தண்டவாளப் பக்கத்திலும் மட்டும், எவ்வளவு பழகிய நாயானாலும், கையில் பிடித்தே செல்லுங்கள். வெட்டிய துண்டுகளை எறிந்துவிட வேண்டாம். முடிச்சுப் போட்டால் துணி காயவைக்க ஒரு கொடிக்கு ஆகும்.