ஆடியவரும் ஆட்டுவித்தவரும்

கால்பந்தாட்டத்தில் இரண்டு தொழில்கள் உண்டு. ஒன்று, களத்தில் இறங்கிப் பந்தை உதைப்பது. மற்றொன்று, கோட்டுக்கு வெளியே நின்று பிறரை ஆடவைப்பது. முதல் தொழிலில் தேர்ந்தவர் இரண்டாவதிலும் தேர்ந்துவிடுவார் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய குணங்கள் வேறு. இதனைத் தென் அமெரிக்கா தந்த முன்னணி ஆட்டக்காரர் ஆல்பிரெடோ டி ஸ்டெபானோவின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

அவர் 1926-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் ஐரிஸில் பிறந்தார். இத்தாலியிலிருந்து குடியேறிய மரபினர். ரிவர் பிளேட் கழகத்தில் சேர்ந்து, 1947-இல் 27 கோல்கள் அடித்து, நாட்டிலேயே மிகுதியான கோல்கள் அடித்தவரானார். அதே ஆண்டில் தென் அமெரிக்க வாகைப் போட்டியில் தம் நாட்டுக்காக ஆறு ஆட்டங்களில் ஆறு கோல்கள் அடித்தார். பின்னர் அர்ஜென்டினாவில் ஊதியமும் உரிமையும் கோரி ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அக்காலத்தில் பலர் வெளிநாடு சென்றனர். டி ஸ்டெபானோ 1949-இல் கொலம்பியாவின் மில்லோனாரியோஸ் கழகத்துக்கும், 1953-இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகத்துக்கும் சென்றார்.

ரியல் மாட்ரிட் அதற்கு முன் கடைசியாக ஸ்பானிய லீக் பட்டம் வென்றது 1933-இல். அவர் சேர்ந்த முதற் பருவத்திலேயே அப்பட்டம் மீண்டும் கிடைத்தது. அவர் இருந்த பதினொரு பருவங்களில் எட்டு முறை கிடைத்தது. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஐரோப்பியக் கோப்பையும் மாட்ரிடுக்கே வந்தது. அந்த ஐந்து இறுதியாட்டங்களிலும் அவர் கோல் அடித்தார். 1960-இல் கிளாஸ்கோ நகரில் பிராங்பர்ட் அணியை 7-க்கு 3 என்று வென்றபோது மூன்று கோல்கள் அவருடையவை. மற்ற நான்கும் ஹங்கேரியரான புஸ்காஸ் அடித்தவை.

முன்னணியில் நின்று பந்துக்காகக் காத்திருப்பது அவர் வழக்கமன்று. தம் கோலின் அருகே வந்து பந்தைப் பறிப்பார். நடுக்களத்தில் அதனைப் பங்கிடுவார். மறுமுனைக்கு ஓடி முடித்தும் வைப்பார். களத்தில் ஒரு குறை தென்பட்டால் தாமே ஓடிச் சென்று அதனைத் தீர்ப்பதே அவர் முறை.

இத்தகையவர் உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை என்பது வியப்புக்குரியது. 1950, 1954 ஆகிய ஆண்டுகளில் அர்ஜென்டினா பங்கேற்கவில்லை. பின்னர் அவர் ஸ்பெயின் குடிமகனாகி அந்நாட்டுக்கு ஆடினார். 1958-இல் ஸ்பெயின் தகுதி பெறவில்லை. 1962-இல் அணியுடன் சிலி நாட்டுக்குச் சென்றும், காயத்தால் களமிறங்க இயலவில்லை.

ஓய்வுக்குப் பின் பயிற்சியாளரானார். 1969-இல் போகா ஜூனியர்ஸை அர்ஜென்டினாவின் தேசிய வாகையராக்கினார். 1981-இல் அதன் பரம எதிரியான ரிவர் பிளேட்டுக்கும் அதே பெருமையைத் தேடித் தந்தார். இடையில் 1971-இல் ஸ்பெயினின் வாலென்சியா கழகம் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம் பெற்றது. அள்ளி அள்ளிக் கோல் அடித்த மனிதர் அங்கே உருவாக்கியது, எளிதில் கோல் கொடாத அணியை! கையில் உள்ள ஆட்களுக்கேற்ற ஆட்டத்தை அவர் அமைத்தார். தம்மைப் போலவே ஆடுங்கள் என்று அவர்களை வற்புறுத்தவில்லை.

1982-இல் ரியல் மாட்ரிடுக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். அந்தப் பருவத்தில் அவரது அணி ஐந்து போட்டிகளில் இரண்டாம் இடம் பெற்றது. லீக் பட்டம் கடைசி நாளில், அவர் முன்பு வாகை சூட்டிய அதே வாலென்சியாவின் களத்தில் கைநழுவியது. ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில், ஸ்காட்லாந்தின் அபர்தீன் அணியிடம் 2-க்கு 1 என்று தோற்றது. ஆட்டக்காரராய் இருந்திருந்தால் ஓடிப்போய்ப் பந்தைப் பறித்திருப்பார். பயிற்சியாளருக்கோ கோட்டைத் தாண்ட உரிமையில்லை.

எனினும் அவர் அடுத்து செய்ததே கருதத்தக்கது. 1983 டிசம்பரில் சாஞ்சிஸ், மார்ட்டின் வாஸ்கெஸ் என்னும் இளைஞர்களையும், 1984 பிப்ரவரியில் புத்ராகேன்யோ என்பவரையும் கழகத்தின் இளைய அணியிலிருந்து அழைத்து முதன்முதலாகக் களமிறக்கினார். புத்ராகேன்யோ முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல்கள் அடித்தார். அந்தப் பருவத்தோடு டி ஸ்டெபானோ பதவியை விட்டு விலகினார். இந்த இளைஞர்களோ, 1986 முதல் 1990 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்களை வென்ற அணிக்குத் தூண்களாயினர். அப்பட்டங்கள் வேறு பயிற்சியாளர்களின் பெயரில் பதிவாயின.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆட்டக்காரரின் உழைப்பு தென்னை போன்றது. பலனை அவரே நுகர்கிறார். பயிற்சியாளரின் உழைப்பு பல வேளைகளில் பனை போன்றது. டி ஸ்டெபானோ இரண்டையும் நட்டார். 2014-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மாட்ரிடில் அவர் மறைந்தார். அவர் அடித்த கோல்களை உலகம் எண்ணி வைத்திருக்கிறது. அவர் வாய்ப்பளித்த இளைஞர்களையும் அந்தக் கணக்கோடு சேர்த்து எண்ணுவதே முறையாகும்.